சென்னையில் செடி வைத்த மீன்தொட்டி: சில்லரும் சிலிண்டரும் இல்லாமல் முடியுமா?

ஒருவர் கேட்ட கேள்வி இது. மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு, இரண்டடித் தொட்டி, குழாயில் வருவது போர் தண்ணீர். கடையில் கண்ணைப் பறித்த சிவப்புச் செடிகளை வாங்கி வெள்ளைக் கல்லில் நட்டிருக்கிறார். மூன்றே வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. அப்புறம் மே மாதத்தில் நியான் டெட்ரா மீன்கள் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. 'தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் சிலிண்டர் எல்லாம் வாங்கும் வசதி இல்லை. சென்னையில் இது நடக்கிற காரியமா, இல்லை தொட்டியை விற்றுவிடலாமா?' என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம். நான் பெரம்பூரில் பதினான்கு வருடமாகச் செடித் தொட்டி வைத்திருக்கிறேன். சில்லர் வாங்கியதே இல்லை. சிலிண்டர் ஒன்று வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, வாரா வாரம் வெட்டித் தள்ள வேண்டியிருந்த செடிக் குப்பையைப் பார்த்து அலுத்துப்போய் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு நடந்ததில் கவனக்குறைவு எதுவும் இல்லை. வாங்கிய வரிசைதான் தலைகீழ். எல்லோரும் தொட்டி, மீன், அழகுக்கு நாலு செடி என்று வாங்கிவிட்டு, கடைசியில்தான் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறோம். இந்த ஊரில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் குழாயில் வருவது என்ன, அதில் எந்தச் செடி வளரும், அந்தச் செடிகளோடும் மே மாத வெயிலோடும் எந்த மீன் ஒத்துப்போகும் என்று இந்த வரிசையில் போனால் செலவும் குறையும், சாவும் குறையும்.

முதல் வேலையாக ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் மொத்த அளவைக் காட்டும் கருவி. பேனா மாதிரி இருக்கும், ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்ய வருகிறவர் சட்டைப்பையில் வைத்திருப்பாரே அதுதான். சென்னையில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீரை விட மென்மை. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரோ, 2013 இல் தொடங்கிய நெம்மேலி கடல்நீர் ஆலைத் தண்ணீரோ, இரண்டும் கலந்ததோ, எதுவானாலும் செடிக்குச் சிக்கல் இல்லை. குளோரினை மட்டும் எடுத்தால் போதும். போர் தண்ணீர் வேறு கதை. கடலுக்குப் பக்கத்தில் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். லாரித் தண்ணீரை நம்பவே முடியாது, இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று.

ஆனால் டிடிஎஸ் எண் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. அதில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. அதை உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரம் சொல்லும். அடியில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் செதில் செதிலாக வந்தால் அது பைகார்பனேட் கடினத்தன்மை. செடிக்காரனுக்கு அது ஓரளவு நல்ல செய்திதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். படிவு அதிகம் இல்லாமல் வாயில் வைத்தால் உவர்க்கிறது என்றால் அது உப்புத் தண்ணீர். அதில் செடி வளர்க்க நினைப்பது வீண். மெட்ரோ தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பிடித்துத்தான் ஆக வேண்டும்.

கலப்பது எளிது. 1200 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 50 உள்ள ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 430 வரும். தொட்டிக்கு அது தாராளம். மாடி வீடு என்கிறீர்கள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆர்ஓவை விட நல்ல தண்ணீர் இலவசமாக வருகிறது. முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடி நன்றாகக் கழுவிப்போன பிறகு டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் டிடிஎஸ் குறைவுதானே என்று சிலர் ஊற்றுகிறார்கள். செம்புக் குழாய்ச் சுருளில் வழிந்து வரும் தண்ணீர் அது. இறால் வளர்க்கிறவர்கள் பக்கத்தில்கூடக் கொண்டு போகக் கூடாது, மற்றவர்களுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் டிடிஎஸ் இரண்டு மடங்காகிவிடும். ஆவியானதை ஆர்ஓ அல்லது மழைத் தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர் மாற்றும்போது கலப்புத் தண்ணீர்.

இனி செடிக்கு வருவோம். நீங்கள் வாங்கிய சிவப்புச் செடி ரொட்டாலா மக்ராண்ட்ராவாகவோ ஆல்டர்னான்தெராவாகவோ இருக்கலாம். ரொட்டாலா மக்ராண்ட்ரா நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரிதான், ஆனால் மென்மையான தண்ணீர், பலமான வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் வேண்டும். மடிப்பாக்கம் போர் தண்ணீரில் அவளை வைப்பது ஊட்டி ரோஜாவைக் கோடம்பாக்கம் பால்கனியில் வைப்பது போல.

வெந்நீர்ப் பாத்திரப் படிவு நல்ல செய்தி என்றேனே, அது இதற்காகத்தான். தண்ணீருக்கடியில் வளரும் செடிக்குப் பெரிய பஞ்சம் கார்பன். காற்றில் இருக்கிற மாதிரி அங்கே கார்பன் டை ஆக்சைடு தாராளமாக வந்து சேராது, வெந்நீரில் இன்னும் குறைவாகவே கரையும். அதனால்தான் சிலிண்டர் வைக்கிறார்கள். ஆனால் சில செடிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையே உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்ளும். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மூன்றும் அப்படிப்பட்டவை. உங்கள் பாத்திரத்தில் படிகிற அதே சத்துதான் இவற்றுக்குச் சோறு. கடினத் தண்ணீர் வீட்டில் சிலிண்டர் இல்லாமலேயே வாலிஸ்னேரியா தொட்டியை முழுதாக நிறைத்துவிடும்.

ஹைட்ரில்லாவை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாயை வைத்து, குமிழி வருகிறது பார் என்று காட்டினார்களே, அந்தச் செடி. கடையில் அதற்கு மரியாதை கிடையாது. ஆனால் வெயில் ஏறி, தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு குறையக் குறைய, தன் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றிக்கொண்டு பிழைக்கத் தெரிந்த செடி அது. 1950களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரி ஏரியாக அடைத்துக்கொண்டு இன்றுவரை அரசாங்கத்தைப் படாத பாடு படுத்துகிறது. அவ்வளவு வீரியம் உள்ளதை முதல் இரண்டு மாதம் தொட்டியில் போட்டு வைத்தால் போதும். பாசிக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம் அது தின்றுவிடும். தொட்டி நிலைத்த பிறகு பிடுங்கிப் பூந்தொட்டிக்கு உரமாக்கிவிடுங்கள். மறந்தும் ஏரியில் போடாதீர்கள்.

இவற்றோடு ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா சேர்த்துக்கொள்ளுங்கள், நம் நாட்டுச் செடி, எந்த அடியும் தாங்கும். வாட்டர் ஸ்பிரைட்டை மிதக்கவும் விடலாம், நடவும் செய்யலாம். முன்னால் வைக்க இலங்கைக்காரி கிரிப்டோகோரைன் வென்டியை நடுங்கள். கல்லிலோ கட்டையிலோ கட்ட அனுபியாஸ். அனுபியாஸுக்கு ஒரே நிபந்தனை, அதன் தடித்த கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். நூலால் கட்டையில் கட்டுங்கள், வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். கொட்டி என்று நம் குளங்களில் ஆம்பலோடு சேர்ந்து கிடக்குமே, அதுவும் கடையில் அபோனோஜெட்டான் என்று விற்கும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கிழங்கு கிடைத்தால் ஒன்று நட்டுப் பாருங்கள்.

கடையிலிருந்து வந்த செடி முதல் இரண்டு மூன்று வாரத்தில் இலை உதிர்த்தால் பதற வேண்டாம். நிறையப் பண்ணைகளில் இவற்றை ஈரமான காற்றில், தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் நிற்காது. பழைய இலை கரைந்து, தண்ணீருக்கேற்ற புது இலை வரும். கிரிப்டோகோரைன் இதில் பேர்போனது, மொத்தமும் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும், ஆனால் வேர் உயிரோடு இருக்கும். பிடுங்கி எறிந்துவிட்டு மூன்றாம் வாரம் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். நீங்கள் எறிந்ததில் எத்தனை உயிரோடு இருந்ததோ.

அடித்தளம். வெள்ளைக் கல் என்றீர்கள், மார்பிள் சில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கழிப்பறை கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். செடி வேருக்குச் சாப்பிட அதில் ஒன்றும் கிடையாது. எடுத்துவிடுங்கள். ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோ 1982 இல் தொடங்கிய ஏடிஏ நிறுவனம் பிரபலப்படுத்திய மாதிரியான அக்வாசாயில் என்ற செடித்தொட்டி மண் இப்போது இங்கேயும் கிடைக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் அது தண்ணீரின் கடினத்தன்மையை உறிஞ்சி உறிஞ்சியே சீக்கிரம் களைத்துவிடும். போர் தண்ணீர் வீட்டில் அதற்குக் கொட்டும் பணம் சில மாதத்தில் கரைந்துவிடுகிறது.

நர்சரிச் செம்மண் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: 'பாட்டிங் மிக்ஸ்' என்று கலந்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். அதில் வேப்பம் புண்ணாக்கு இருக்கும். பூச்சிக்கு எமன், மீனுக்கும் எமன். வெறும் செம்மண், அதோடு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். சலித்து, வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதக்கும் சருகையும் குச்சியையும் வடித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் தண்ணீரைக் கெடுக்கும் சரக்கு போய்விடும். இதை ஒரு அங்குலம் பரப்புங்கள். கண்ணாடி ஓரத்தில் மண் தெரியாமல் அரை அங்குலம் விட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும். அதன் மேல் நன்றாகக் கழுவிய, இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஆற்று மணல் ஒன்றரை அங்குலம். கடற்கரை மணல் வேண்டாம், கிளிஞ்சலும் உப்பும். தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் தொட்டி முழுக்க மசால் டீ.

செடியை முதல் நாளே நெருக்கி நடுங்கள். நாலு செடி நட்டுவிட்டு வளரும் என்று காத்திருந்தால், காலியாக இருக்கும் இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். அடித்தளத்தில் முக்கால்வாசி செடியால் மூடியிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அதனால்தான் மலிவான செடிகளாகச் சொன்னேன். கொளத்தூரில் வண்ணமீன் கடைகளும் பண்ணைகளும் நிறைய. காலையில் போனால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் சில நாள் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் வீட்டில் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஓரிரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள், நத்தை குறையும். முட்டை தப்பித்துவிடும், ஆகவே நத்தை எப்படியும் ஒருநாள் வரும். வந்தால் பயப்படாதீர்கள், அது அழுகிய இலையைத்தான் தின்னும். நத்தை பெருகினால் நீங்கள் மீனுக்கு அதிகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வெளிச்சத்துக்கு 10 வாட் எல்இடி பேட்டன், 6500 கே, வெள்ளை வெளிச்சம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைப்பது போதும். உங்கள் 60 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டி 54 லிட்டர், 10 வாட் சுமார் 1000 லூமன் தரும். லிட்டருக்கு 20 லூமனுக்குக் கொஞ்சம் குறைவு. கார்பன் டை ஆக்சைடு இல்லாத தொட்டிக்கு இதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் லாபம். ஒரு டைமர் போட்டு ஏழு மணி நேரம். நான் மாலை நாலிலிருந்து இரவு பதினொன்று வரை எரிய விடுகிறேன். வீட்டில் ஆள் இருக்கும் நேரம் அதுதான், மதிய வெயில் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் தொட்டியை வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் பச்சைக் குழம்பாகிவிடும்.

சரி, வெயில். உங்கள் நியான் டெட்ராக்கள் செத்ததற்கு வெயில் பாதிக் காரணம். அவை 26 டிகிரிக்கு மேல் சிரமப்படும் மீன். மே மாதம் இரண்டாவது மாடியில் உங்கள் தொட்டி 32, 33 போயிருக்கும். மீதிப் பாதிக் காரணம் அமோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா எல்லாமே விஷம் இல்லை. அதில் ஒரு பகுதிதான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். அந்தப் பகுதி சூட்டோடும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் எண்ணோடும் ஏறும். 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிஹெச் 8 என்றால் ஏழு எட்டு விழுக்காடு. போர் தண்ணீரில் பிஹெச் 8 சகஜம். ஏரித் தண்ணீர்க்காரர் செய்கிற அதே தப்பை நீங்கள் செய்தால் உங்களுக்கு அடி எட்டு ஒன்பது மடங்கு. செடி நிறைந்த தொட்டி இங்கேதான் உதவுகிறது, பெரும்பாலான தண்ணீர்ச் செடிகள் நைட்ரேட்டுக்கு முன்னால் அமோனியாவைத்தான் ஆசையாக எடுத்துக்கொள்ளும்.

சூட்டைக் குறைக்கப் பெரிய செலவு வேண்டாம். மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறது? அதே வேலைதான். மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பில் சாய்வாகக் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், பழைய கம்ப்யூட்டர் ஃபேன்கூடப் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், கணக்குப்படி 54 லிட்டரைப் பத்து டிகிரி குளிர வைக்கப் போதுமானது. அறையின் சூடு உடனே திரும்பி உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்பதால் கையில் நிற்பது இரண்டு மூன்று டிகிரி. 33 ஐ 30 ஆக்குவதுதான் நமக்கு வேண்டியது. மேற்குக் காற்று வீசி வறண்டிருக்கும் நாளில் நன்றாக வேலை செய்யும். கடல் காற்று வந்து கசகசவென்று இருக்கும் மாலையில் குறைவாகத்தான் செய்யும், உங்கள் உடம்பு வியர்வை காய்வது போலத்தான். ஐஸ் பாட்டிலை மிதக்க விடுவது ஆபத்துக்குத்தான், தினமும் செய்தால் ஏறி இறங்கும் சூடே மீனை நோயாளியாக்கும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. கத்திரி வெயிலில் மொட்டை மாடிச் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். அதை நேராக மீன்தொட்டியில் ஊற்றினால் ரசம்தான். தண்ணீர் மாற்றுவதை அதிகாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முந்தைய இரவே வாளியில் பிடித்து வையுங்கள். வாளியில் வைத்தால் குளோரினும் கொஞ்சம் போகும். மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டும் விடுங்கள். போர் தண்ணீரில் வீட்டில் யாரும் பிளீச்சிங் பவுடர் போடாதவரை அது தேவையில்லை. அசோசியேஷன்காரர்கள் சம்ப்பைக் கழுவிய மறுநாள் மட்டும் ஜாக்கிரதை.

மீனை நாலைந்து வாரம் கழித்து விடுங்கள். 'இன்னும் மீனே இல்லையா, புல்லுக்கா இவ்வளவு செலவு?' என்று எங்கள் வீட்டில் பாட்டி கேட்டாள். அந்த வாரங்களில் மண்ணிலிருந்து அமோனியா கசியும், அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், அப்புறம் வாரம் இரண்டு முறை. திரவச் சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு முதலில் ஆறு மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் ஆறு.

உங்கள் தண்ணீருக்கு கப்பியும் பிளாட்டியும் மோலியும் சிறப்பு, கடினத் தண்ணீரை விரும்பும் மீன்கள். சீப்ரா டானியோ நம் நாட்டு மீன், எதையும் தாங்கும். ஹனி கோராமி காற்றிலிருந்தே மூச்சு வாங்கும் என்பதால் சூடான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைக்கும். அழகாக இருக்கிறதே என்று மிஸ் கேரளாவை வாங்கிவிடாதீர்கள். ஓடும் குளிர்ந்த ஆற்று மீன் அது, அரையடி வளரும், காட்டில் அழிந்துகொண்டிருக்கும் இனமும்கூட. தங்கமீன் உங்கள் செடியைச் சாலட் மாதிரி சாப்பிடும். கடைக்காரர் 'டேங்க் கிளீனர்' என்று சேர்த்துக் கொடுக்கும் சக்கர் மீன் ஒரு அடியைத் தாண்டி வளரும், செடியைப் பிடுங்கும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் கொண்டு போய்விட்டவர்களால்தான் நம் நீர்நிலைகளில் இன்று வலை போட்டால் அது வருகிறது.

ஃபில்டருக்கு ஸ்பான்ஞ் ஃபில்டர் போதும், கூட ஒரு ஏர் பம்ப். பகலில் செடி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும், கோடையில் இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று அலமாரியில் கிடக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2016 டிசம்பர் 12 ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. மூன்று நாளும் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றி எல்லா மீனையும் காப்பாற்றிவிட்டேன். நாலாம் நாள் இரவு கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் கானிஸ்டர் ஃபில்டரை அப்படியே போட்டேன். மூடிய டப்பாவுக்குள் நாலு நாளாக அழுகிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் இறங்கியது. காலையில் பதினேழு மீன் மிதந்தன. ஃபில்டர் சில மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், கழுவாமல் மறுபடி போடக் கூடாது.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை முக்கால் மணி நேரம். கால்வாசித் தண்ணீரை உறிஞ்சி வாளியில் எடுங்கள். ஸ்பான்ஞை அந்த வாளித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா போய்விடும். அழுகிய இலையைக் கிள்ளுங்கள், பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டுங்கள், வாளியை மாடித்தோட்டத்தில் ஊற்றுங்கள். கத்தரியும் வெண்டையும் அதற்குக் காத்துக்கொண்டிருக்கும். வாரத்தில் ஒருநாள் மீனைப் பட்டினி போடுங்கள்.

2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்களே, அப்போது ஆறு வாரம் நான் தண்ணீரே மாற்றவில்லை. மனுஷனுக்கே குடம் கணக்கு, மீனுக்கு எங்கே போவது? தீனியைப் பாதியாக்கினேன், மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்க விட்டேன், அடித்தொண்டையில் ஒரு வேண்டுதலும் வைத்தேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை. வெறும் கல் போட்டு வைத்திருந்த என் நண்பரின் தொட்டி மூன்றாம் வாரமே நாறிவிட்டது.

உரம் முதல் ஆறு மாதம் வேண்டாம், செம்மண் பார்த்துக்கொள்ளும். பிறகு ஹைக்ரோஃபிலாவின் பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவு. மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும் உரக்கடையிலேயே 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட் கிடைக்கும். உங்கள் தொட்டிக்கு வாரம் முக்கால் கிராம், அதாவது கால் ஸ்பூனுக்கும் குறைவு, கரைத்து ஊற்றினால் பத்து பிபிஎம் நைட்ரேட் ஏறும். அதே கடையில் பக்கத்திலேயே 19-19-19 இருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள், அதில் யூரியாவும் அமோனியமும் உண்டு, மீனுக்கு நேராக விஷம். புது இலை வெளுத்து மஞ்சளாக வந்தால் இரும்பு. நம் தண்ணீரின் பிஹெச்சுக்கு டிடிபிஏ என்று எழுதியிருக்கும் இரும்பை வாங்குங்கள், இடிடிஏ வகை சீக்கிரம் பயனில்லாமல் போகும்.

பாசியைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே சுருக்கமாக. முதல் மாதம் வரும் பழுப்புப் படலம் தானாகப் போய்விடும். பச்சைத் தண்ணீர் என்றால் நாலு நாள் தொட்டியைப் போர்வையால் மூடுங்கள். இலை ஓரத்தில் கறுப்புத் தாடி மாதிரி வந்தால், ஃபில்டரை நிறுத்திவிட்டு, மருந்துக் கடை 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசி போடும் சிரிஞ்சால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள், பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு தயாரிக்கும் யோசனை உங்களுக்கும் வரும், எல்லோருக்கும் வரும். நம் வெயிலில் அது ஒரு வாரம் பொங்கி வழிந்துவிட்டு அடங்கிவிடும். அப்படி ஏறி இறங்கும் கார்பன் டை ஆக்சைடுதான் கறுப்புத் தாடிக்கு விருந்து.

எப்போது தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்கு மிக உதவும். அக்டோபர் கடைசியில், மழை பிடித்த பிறகு தொடங்குங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தொட்டி 25, 26 டிகிரியில் நிற்கும், செடிக்கு வேர் பிடிக்க நாலு மாதம் கிடைக்கும். கோடை வரும்போது தொட்டி அடர்ந்திருக்கும். அதுவரை அந்த வெள்ளைக் கல்லை அள்ளி வெளியே வையுங்கள். தொட்டியைக் காலியாகக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீரோடு விட்டால் கொசு முட்டை போடும், மாநகராட்சிக்காரர் வந்து சத்தம் போடுவார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியையும் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.